பில் எந்த மண்டகப்படியில் நிற்கிறது? – சிறு கடைக்கு ஆவணப் பணிப்பாய்வு அமைக்கும் வழி

மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் மளிகை மொத்தக்கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும், போடியிலிருந்து ஏலக்காயும் வருகின்றன. ஒவ்வொரு லோடோடும் ஒரு பில், ஒரு லாரி ரசீது, ஒரு எடைச் சீட்டு வந்து சேரும். இவை எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகளாக எங்களிடம் இருந்த ஒரே ஏற்பாடு, மேசையோரம் நிற்கும் பில் குத்தும் கம்பிதான். வந்த வரிசையில் குத்தப்பட்டுக்கொண்டே போகும். அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் மேலே உள்ள அத்தனையையும் உருவ வேண்டும்.

ஒருமுறை ஒரு மில்லுக்கு ஒரே பில்லுக்கான பணத்தை இரண்டு தடவை அனுப்பிவிட்டோம். காகிதத்தைப் பார்த்து நான் ஒருமுறை அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து முதலாளி ஒருமுறை அனுப்பினார். மில்காரர் நேர்மையானவர் என்பதால் பணம் திரும்பி வந்தது. அந்த வாரமே ஆவண மேலாண்மை மென்பொருள் ஒன்றைப் போட்டுவிடுவது என்று முடிவானது. அதை நிறுவியது, தவறாக அமைத்தது, பிறகு திருத்தியது என்று ஓராண்டு அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். கணினித் துறை ஆட்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. கடை, சிறு அலுவலகம், தணிக்கையாளர் அறை போன்ற இடங்களில் இந்த வேலை தலையில் விழுந்தவர்களுக்கு உதவும்.

முதல் வாரம் கணினியைத் தொடாதீர்கள்

பணிப்பாய்வு என்பது ஒரு காகிதம் யாரிடமிருந்து யாரிடம், எந்த வரிசையில், என்ன நடந்த பிறகு போக வேண்டும் என்ற ஏற்பாடு. மென்பொருள் அந்த வழியில் காகிதத்தை நகர்த்தும். வழியை நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும். கடையில் இப்போது இருக்கும் வழி என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரே ஒரு பில்லைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். நான் ஒரு துவரம்பருப்பு பில்லின் பின்னால் போனேன். லாரி டிரைவர் அதைக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், கொடுத்தார். கிட்டங்கி அண்ணன் மூட்டைகளை எண்ணி, எடை பார்த்து, பின்பக்கத்தில் பென்சிலில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாலையில்தான் அது என் மேசைக்கு வந்தது. நான் விலையைச் சரிபார்த்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் தலையை அசைத்தார். பிறகு கம்பிக்குப் போனது. இதில் இரண்டு செய்திகள் எனக்குப் புதிது. ஒன்று, பில் அரை நாள் ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது. மற்றொன்று, முதலாளியின் ஒப்புதலுக்கு எங்குமே தடயம் இல்லை.

இதை ஒரு தாளில் வரைந்தபோது எங்களுக்கு ஒரு சொல் கிடைத்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயிலிலிருந்து புறப்படும் கள்ளழகர் வைகைக்கு வந்து சேரும்வரை வழிநெடுக மண்டகப்படிகளில், அதாவது சாமியை நிறுத்தி வழிபடும் மண்டபங்களில், நின்று நின்றுதான் வருவார். ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சாமி இருக்க முடியாது. அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குக் காத்திருப்பவர்கள், “இப்போது எந்த மண்டகப்படி?” என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் பில்லுக்கும் அதே கேள்விதான். கடையில் இப்போது எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

எங்கள் மண்டகப்படிகள் நான்கு: கிட்டங்கி, கணக்கு, முதலாளி, பணம். நான்கோடு நிறுத்தியது நல்லதாயிற்று. முதல் வரைவில் நான் ஒன்பது போட்டிருந்தேன். “கணக்கில் பதிய வேண்டியது”, “கணக்கில் பதிந்தது” என்றெல்லாம் பிரித்திருந்தேன். இரண்டு கட்டங்களுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு என்றால் அவை ஒரே மண்டகப்படி. கை மாறும் இடத்தில் மட்டும் கோடு போடுங்கள்.

இன்னொன்றையும் தாளிலேயே வரைந்துவிட வேண்டும்: திரும்பிப் போகும் வழி. மூட்டை குறைந்தால், விலை தவறாக இருந்தால், பில் எங்கே போகும்? நேர்வழியை மட்டும் அமைத்துவிட்டுத் தொடங்குகிறவர்களிடம் முதல் தகராறிலேயே எல்லோரும் பழைய கம்பிக்குத் திரும்பிவிடுவார்கள்.

எந்த மென்பொருள்?

நாங்கள் எடுத்துக்கொண்டது பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ். திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்), கட்டணம் இல்லை, கடைக்குள்ளேயே ஒரு கணினியில் ஓடும், மற்றவர்கள் உலாவியில் திறந்துகொள்ளலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் “ஒப்புதல்”, “மறுப்பு” என்று பொத்தான்கள் கிடையாது. நிலைகளைக் குறிச்சொற்களை, அதாவது ஆவணத்தில் ஒட்டும் சிறு அடையாளச் சீட்டுகளை, வைத்து நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நிலை, நிலைமாற்றம் என்று முறையாக வரையறுக்கும் வசதி வேண்டுமென்றால் மாயன் இடிஎம்எஸ் என்ற மற்றொரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. அதில் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு யார் நகர்த்தலாம் என்பது வரை பூட்டலாம். ஐம்பது பேர் இருக்கும் அலுவலகத்துக்கு அது பொருந்தும். ஐந்து பேர் இருக்கும் கடையில் அவ்வளவு பூட்டுகள் போட்டால் சாவி தேடுவதே வேலையாகிவிடும்.

கூகுள் டிரைவில் அடைவு (ஃபோல்டர்) அடைவாகப் போட்டு வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தேடி எடுக்க அது போதும். ஆனால் பத்து நாளாக ஒரு பில் ஒருவரிடமே கிடக்கிறது என்பதை எந்த அடைவும் தானாக வந்து சொல்லாது.

நிறுவும் முறையை இங்கே விரிக்கப் போவதில்லை. மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக ஓட்டும் டாக்கர் என்ற கருவி வழியாக நிறுவ அவர்களே ஒரு கட்டளைக் கோப்பு தருகிறார்கள். அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் முடிந்துவிடும். கணினி தெரிந்த தம்பி ஒருவருக்கு அரை நாள் வேலை. ஆனால் மூன்று அமைப்புகளை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது நேர மண்டலம். ஒன்றும் மாற்றாவிட்டால் உலகப் பொது நேரத்தில் ஓடும், அதாவது நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆசியா/கொல்கத்தா என்று மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது எழுத்துணரி மொழி. ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்துகளைப் படிக்க இது டெசராக்ட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. அதற்குத் தமிழ் தெரியும், ஆனால் தமிழ்த் தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஆங்கிலம், தமிழ் இரண்டையும் கூட்டல் குறியிட்டுத் தர வேண்டும். மூன்றாவது, உள் அடைவுகளையும் பார்க்கும்படி சொல்வது. இது இயல்பாக அணைந்திருக்கும். ஏன் தேவை என்பது கீழே வரும்.

எழுத்துணரியிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அச்சடித்த பில்லை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் நன்றாகப் படிக்கிறது. லாரி ஆபீஸ் கார்பன் நகலைத் தடுமாறிப் படிக்கிறது. கையெழுத்தைப் படிக்காது. அதனால் கூலி வவுச்சர்களை நாங்கள் இன்றுவரை இதற்குள் கொண்டுவரவில்லை. எடைமேடைச் சீட்டு வெப்பத்தாளில் வருவதால் சில மாதங்களில் வெளுத்துவிடும். அதை வந்த அன்றே ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

பெயர் வைக்கும் வேலை

பணிப்பாய்வைத் தொடுவதற்கு முன் நான்கு பட்டியல்களைத் தயார் செய்ய வேண்டும்.

ஆவண வகை: இது என்ன காகிதம்? கொள்முதல் பில், லாரி ரசீது, கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து மில் தரும் சீட்டு), உரிமம். ஐந்தாறு போதும்.

தொடர்பாளர்: யாரிடமிருந்து வந்தது? இங்கே ஒரு நல்ல உத்தி இருக்கிறது. ஒவ்வொரு தொடர்பாளருக்கும் ஒரு பொருத்தச் சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் பில்லில் இருக்கும்போது மென்பொருளே பெயரை நிரப்பிவிடும். நான் முதலில் மில்களின் பெயரைக் கொடுத்தேன். முருகன் பெயரில் மூன்று மில்கள் இருக்கும் ஊரில் அது எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு மில்லின் ஜிஎஸ்டி எண்ணையும் கொடுத்தேன். எழுத்தும் எண்ணுமாக 15 இடம், யாருக்கும் யாரோடும் குழப்பம் வராது. கவனிக்க வேண்டியது, எல்லாப் பில்லிலும் உங்கள் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் அச்சாகியிருக்கும். அதைத் தவறி எந்தத் தொடர்பாளருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சுழியத்தை எழுத்து என்று எழுத்துணரி படித்துவிட்டால் பெயர் நிரம்பாமல் நிற்கும். தொடர்பாளர் இல்லாத பில்களை மட்டும் காட்டும் ஒரு பார்வையைச் சேமித்து முகப்பில் வைத்துவிட்டால் காலையில் இரண்டு நிமிடத்தில் சரிசெய்யலாம்.

குறிச்சொல்: எங்கள் மண்டகப்படிகள் இவைதான். “1 கிட்டங்கி”, “2 கணக்கு”, “3 முதலாளி”, “4 பணம்”, இவற்றோடு “திருப்பு”. முன்னால் எண் போட்டால் பட்டியலில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். எண்ணைப் படிக்காதவர்கள்கூட நிறத்தைப் பார்ப்பார்கள்.

தனிப்புலம்: நாமே சேர்த்துக்கொள்ளும் விவரக் கட்டங்கள். பில் எண், தொகை, சரக்கு இறங்கிய நாள், பணம் கட்டக் கடைசி நாள். பில் தேதிக்குத் தனிப்புலம் வேண்டாம், ஆவணத் தேதி என்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்தத் தேதியை மென்பொருள் பில்லில் உள்ள எழுத்துகளிலிருந்து ஊகித்து எடுக்கிறது. சில பில்களில் ஆர்டர் கொடுத்த தேதியைப் பிடித்துக்கொள்கிறது. கணக்கு மேசையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சரக்கு இறங்கிய நாளை ஏன் தனியாகக் கேட்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. குறு, சிறு தொழில் நிறுவனமாகப் பதிவு செய்த மில்லுக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதில் சொன்ன நாளிலும், எப்படியானாலும் 45 நாளுக்கு மிகாமலும் பணம் தர வேண்டும். இது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது. வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவுக்கு வேறு கணக்கு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். கிட்டங்கி அண்ணன் பென்சிலில் குறித்த அந்தத் தேதிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பது எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது.

தூண்டல், வடிகட்டி, செயல்

இனி பணிப்பாய்வு. எந்தப் பணிப்பாய்வும் மூன்று கேள்விகளுக்கான பதில்தான். எப்போது நடக்க வேண்டும் என்பது தூண்டல். எந்த ஆவணங்களுக்கு மட்டும் என்பது வடிகட்டி. என்ன செய்ய வேண்டும் என்பது செயல்.

தூண்டலில் முதன்மையானவை நான்கு: ஆவணம் உள்ளே எடுக்கப்படத் தொடங்கும்போது, ஆவணம் சேர்ந்து முடிந்தபின், ஆவணத்தில் மாற்றம் செய்யப்படும்போது, குறித்த நாளில். புதியவர்கள் தடுக்கி விழுவது முதல் இரண்டுக்கும் இடையில்தான். உள்ளே எடுக்கத் தொடங்கும் நேரத்தில் மென்பொருள் இன்னும் பில்லைப் படிக்கவில்லை. கோப்பின் பெயர், அது வந்த அடைவு, எந்த மின்னஞ்சல் விதி வழியாக வந்தது என்பவை மட்டுமே அதற்குத் தெரியும். “பருப்பு என்ற சொல் இருந்தால்” என்று அங்கே கேட்க முடியாது. உறையைப் பிரிக்காமலேயே கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தபால்காரரிடம் கேட்பது போலத்தான். உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் இரண்டாவது தூண்டலுக்குப் போங்கள்.

எங்கள் முதல் பணிப்பாய்வு இப்படி. ஸ்கேனர் கோப்புகளைப் போடும் அடைவுக்குள் “கொள்முதல்” என்று ஓர் உள் அடைவு வைத்தோம். உள் அடைவுகளைப் பார்க்கும் அமைப்பு இதற்குத்தான். தூண்டல், உள்ளே எடுக்கத் தொடங்கும்போது. வடிகட்டி, பாதையில் “கொள்முதல்” இருப்பது. பாதையின் மீதியை நட்சத்திரக் குறி நிரப்பும். செயல், ஆவண வகை “கொள்முதல் பில்”, குறிச்சொல் “1 கிட்டங்கி”, நான்கு தனிப்புலங்களையும் வெறுமையாக ஒட்டுவது, கிட்டங்கிக் குழுவுக்குத் திருத்தும் உரிமை. அவ்வளவுதான். ஸ்கேன் செய்கிறவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், சரியான அடைவில் போட்டால் போதும். உள்ளே எடுத்த பிறகு அந்த அடைவிலிருந்து கோப்பு மறைந்துவிடும். முதல் நாள் எங்கள் பையன் “கோப்பு அழிந்துவிட்டது” என்று பதறிப்போய் வந்தான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மின்னஞ்சலில் பில் அனுப்பும் மில்களுக்கு அஞ்சல் விதி ஒன்று அமைக்கலாம். இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சலைப் பார்த்து இணைப்பை எடுத்துக்கொள்ளும். அதற்கு இதே போன்ற இன்னொரு பணிப்பாய்வு, வடிகட்டி மட்டும் வேறு.

இரண்டாவது பணிப்பாய்வு நகர்த்துவதற்கு. கிட்டங்கி அண்ணன் மூட்டையைச் சரிபார்த்ததும் “1 கிட்டங்கி” என்பதை நீக்கிவிட்டு “2 கணக்கு” என்பதைச் சேர்க்க வேண்டும் என்றுதான் முதலில் சொல்லிக் கொடுத்தேன். அவர் சேர்ப்பார், நீக்க மறந்துவிடுவார். பில் ஒரே நேரத்தில் இரண்டு மண்டகப்படியில் நிற்கும். குறை அவரிடம் இல்லை. ஒரு வேலைக்கு இரண்டு சொடுக்குகள் கேட்டது என் குறை. இப்போது அவர் புதியதைச் சேர்த்தால் மட்டும் போதும். தூண்டல், மாற்றம் செய்யப்படும்போது. வடிகட்டி, “2 கணக்கு” குறிச்சொல் இருப்பவை. செயல் இரண்டு: “1 கிட்டங்கி” என்பதை நீக்கு, கணக்குக் குழுவுக்குத் திருத்தும் உரிமை கொடு. இதேபோல் மூன்றாம், நான்காம் நிலைகளுக்கும் ஒவ்வொன்று.

இங்கேதான் நான் பெரிதாக மாட்டிக்கொண்டேன். “3 முதலாளி” நிலைக்குப் பில் வந்ததும் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போகட்டும் என்று அதே பணிப்பாய்வில் சேர்த்தேன். மறுநாள் காலை அவர் கைபேசியைக் காட்டி, “ஒரே பில்லுக்குப் பதினொரு தபால் வந்திருக்கிறது. என்ன செய்து வைத்திருக்கிறாய்?” என்றார். மாற்றம் என்ற தூண்டல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விழித்துக்கொள்ளும். அந்தப் பில்லில் நான் தொகையைத் திருத்தினேன், தேதியைத் திருத்தினேன், தலைப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினேன். ஒவ்வொரு முறை சேமித்தபோதும் “3 முதலாளி” குறிச்சொல் இருந்தது, வடிகட்டி பொருந்தியது, தபால் போனது.

தீர்வு எளியது. “தகவல் சொல்” என்று ஒரு தற்காலிகக் குறிச்சொல்லை உண்டாக்குங்கள். மின்னஞ்சல் பணிப்பாய்வின் வடிகட்டியில் “3 முதலாளி” என்பதற்குப் பதிலாக அதை வையுங்கள். செயலில் மின்னஞ்சலை அடுத்து அந்தக் குறிச்சொல்லை நீக்கும் செயலையும் சேருங்கள். பில்லை முதலாளிக்குத் தயாராக்கி முடித்தபின் நான் “தகவல் சொல்” ஒட்டுகிறேன், தபால் ஒன்று போகிறது, குறிச்சொல் தானே உதிர்ந்துவிடுகிறது. மின்னஞ்சல், வெப்ஹுக் (வேறொரு மென்பொருளுக்குத் தானாகப் போகும் செய்தி) என்று வெளியே எதையாவது அனுப்பும் எல்லாச் செயல்களுக்கும் இந்த ஏற்பாடு வேண்டும். ஜிமெயில் வழியாக அனுப்புவதானால் வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கான தனிக் கடவுச்சொல் ஒன்று எடுக்க வேண்டும்.

ஒரே தூண்டலில் பல பணிப்பாய்வுகள் பொருந்தினால் அவை வரிசை எண்படி ஓடும். குறிச்சொற்கள் சேர்ந்துகொண்டே போகும். ஆவண வகை, தொடர்பாளர் போல ஒன்றே இருக்கக்கூடியவற்றில் பின்னால் ஓடியது சொன்னதே நிற்கும். ஆகவே பொதுவானவற்றை முன்னாலும் குறிப்பானவற்றைப் பின்னாலும் வையுங்கள்.

நாள் குறித்த நினைவூட்டல்

நான்காவது தூண்டலுக்காகவே இந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆவணத் தேதி, சேர்த்த தேதி அல்லது தேதி வகைத் தனிப்புலம் ஒன்றை அடிப்படையாக வைத்து, அதற்கு இத்தனை நாள் முன்போ பின்போ ஒரு செயலை நடத்தலாம். மணிக்கு ஒருமுறை மென்பொருள் பட்டியலைப் பார்க்கும்.

எங்கள் அமைப்பில் பணம் கட்டக் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பு, “4 பணம்” குறிச்சொல் இன்னும் இருந்தால், “அவசரம்” ஒட்டப்படும். பணம் அனுப்பியதும் நான் “4 பணம்” என்பதை எடுத்துவிடுவேன், நினைவூட்டல் வராது. கடைசி நாளை மென்பொருள் கணக்கிடாது. சரக்கு இறங்கிய நாளோடு 15 அல்லது 45 கூட்டி நான்தான் எழுதுகிறேன். ஆவணத் தேதியிலிருந்து 150 நாள் கழித்து இன்னொன்று. வரி வரவுக்கான 180 நாளில் ஒரு மாதம் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். காலாவதி உள்ள உரிமங்கள், தராசு முத்திரைச் சான்று ஆகியவற்றுக்குக் காலாவதி நாளிலிருந்து 60 நாள் முன்பு.

“முன்பு” என்பதைக் கழித்தல் எண்ணாகக் கொடுக்க வேண்டும். நீங்கள் நிறுவியிருக்கும் பதிப்பில் அது சரியான திசையில் வேலை செய்கிறதா என்பதை ஒரு சோதனை ஆவணத்தில் பார்த்துவிடுங்கள். நாள் குறித்த பணிப்பாய்வை இயக்கியதும் நாள் கடந்துபோன பழைய ஆவணங்களும் அகப்பட்டுக்கொள்ளலாம். அதனால் முதல் வாரம் மின்னஞ்சல் வேண்டாம், குறிச்சொல் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். இருநூறு பில்லில் “அவசரம்” விழுந்தால் துடைத்துவிடலாம். இருநூறு தபால் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பும் வழியும் உரிமைகளும்

மூட்டை குறைந்தால் கிட்டங்கி அண்ணன் “திருப்பு” ஒட்டுவார். பணிப்பாய்வு மற்ற எல்லா நிலைகளையும் நீக்கிவிடும். பில் வழியை விட்டு விலகி ஓரமாக நிற்கும், யாரும் தவறிப் பணம் அனுப்ப முடியாது. குறிப்புப் பகுதியில் என்ன குறை என்று எழுதிவிட்டு மில்லிடம் பேசுவோம். கிரெடிட் நோட் வந்ததும் அதையும் உள்ளே சேர்த்து, ஆவண இணைப்பு வகைத் தனிப்புலத்தால் பழைய பில்லோடு கட்டி, பில்லை மீண்டும் “2 கணக்கு” நிலைக்குக் கொண்டுவருவேன். அந்த நிலையின் பணிப்பாய்வு நீக்க வேண்டியவற்றில் “திருப்பு” என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். நான் விட்டுவிட்டதால் பில் இரண்டுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தது.

உரிமைகளைப் பற்றிச் சுருக்கமாக. உரிமையாளர் இல்லாத ஆவணத்தை எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம். அதனால் முதல் பணிப்பாய்விலேயே உரிமையாளரைக் குறித்துவிடுங்கள். ஆட்களுக்குத் தனித்தனியாக உரிமை கொடுக்காமல் குழுக்களுக்குக் கொடுங்கள். கிட்டங்கிக்குப் புதிய ஆள் வந்தால் அவரைக் குழுவில் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கட்டாயம். எங்கள் கடையில் முதல் மாதம் எல்லோரும் என் பெயரிலேயே உள்ளே நுழைந்தார்கள். ஆவண வரலாற்றைத் திறந்தால் எல்லாத் தவறுகளையும் நானே செய்திருந்தேன்.

இரட்டைப் பில் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஒரே கோப்பை இரண்டாம் முறை போட்டால் மென்பொருளுக்கு அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் வாட்ஸ்அப் படமும் ஸ்கேன் செய்த பக்கமும் அதற்கு இரண்டு வேறு கோப்புகள். அதனால் “4 பணம்” நிலைக்கு நகர்த்துமுன் பில் எண்ணைத் தேடல் பெட்டியில் ஒருமுறை தட்டிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினோம். இந்த ஒரு வேலையைத் தானியங்கியாக்க முயன்று விட்டுவிட்டேன். பத்து விநாடி வேலை, கண்ணே போதும்.

ஓடத் தொடங்கிய பின்

முதல் மாதம் காகிதமும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். ஒரு வகை ஆவணத்தை மட்டும் கொண்டு தொடங்குங்கள். எங்களுக்குக் கொள்முதல் பில் நிலைபெற மூன்று மாதம் ஆனது. அதன்பிறகுதான் உரிமங்களைத் தொட்டோம். பணிப்பாய்வில் மாற்றம் செய்வதற்குத் தேரோட்டத்துக்கு மறுநாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேர் சுற்றும் மாசி வீதிகளில் அன்று லாரி நுழையாது, தேங்கிய சரக்கும் பில்லும் மறுநாள் ஒன்றாக வந்து விழும். அந்த நாளில்தான் நான் “கொள்முதல்” அடைவின் பெயரை மாற்றினேன். பாதை பொருந்தாமல், எந்தக் குறிச்சொல்லும் இல்லாமல், முப்பத்தெட்டு பில்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன.

அதிலிருந்து முகப்பில் இரண்டு சேமித்த பார்வைகள் இருக்கின்றன. ஒன்று, எந்தக் குறிச்சொல்லும் இல்லாத ஆவணங்கள். மற்றொன்று, ஏழு நாளுக்கு மேல் முன்பு சேர்க்கப்பட்டு இன்னும் முதல் மூன்று மண்டகப்படிகளில் நிற்பவை. சனிக்கிழமை கடை அடைக்குமுன் இரண்டையும் திறந்து பார்ப்பேன். இரண்டாவது பட்டியல் தொடர்ந்து ஒரே இடத்தில் நீண்டால் அந்த ஆளைக் கேட்பதற்கு முன் அந்த நிலையைப் பாருங்கள். எங்களுடையது முதலாளியிடம் நீண்டது. விசாரித்தால், சிறு தொகைப் பில்களைக்கூட அவர் பார்க்க வேண்டும் என்று அமைத்ததுதான் காரணம். ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ் நேரே “4 பணம்” போகலாம் என்று அவரே சொன்னார். தொகையைப் பார்த்து அந்த முடிவை நான் எடுக்கிறேன், அவர் மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்க்கிறார்.

காகிதத்தை எப்போது எறியலாம்? ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குக் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மின்னணு வடிவில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், உங்கள் தணிக்கையாளரைக் கேட்காமல் எதையும் எடைக்குப் போடாதீர்கள். நாங்கள் மூலப் பில்களை மாத வாரியாகப் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் மென்பொருள் தரும் காப்பக வரிசை எண்ணை எழுதுகிறோம். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

காப்புப்படி எடுப்பதில் எல்லோரும் செய்யும் பிழை, ஆவணங்கள் இருக்கும் அடைவை மட்டும் பென் டிரைவில் நகலெடுப்பது. அதில் பில்கள் இருக்கும். குறிச்சொற்கள், தனிப்புலங்கள், பணிப்பாய்வுகள் இருக்காது, அவை தரவுத்தளத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வெளியெடுக்க மென்பொருளோடு ஓர் ஏற்றுமதிக் கருவி வருகிறது. வாரம் ஒருமுறை இரவில் அது ஓடும்படி அமைத்து, வெளி வன்வட்டு ஒன்றில் எழுதி, அந்த வன்வட்டைக் கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வேறொரு கணினியில், அதே பதிப்பை நிறுவி, அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டதும் ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து, அது எந்த மண்டகப்படியில் நின்றது என்பது தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.